ஐந்து ஏக்கரும் ஒரு வில்வண்டியும்: வெங்ஙானூர் அய்யன்காளி

சோழபுரம் வயல்வெளியில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். அந்த மலைக்கு அப்பால் இருப்பது வேறு ஊர், வேறு மொழி, வேறு கதை என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ராஜபாளையத்தில் பஸ் ஏறி சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று போனால் செங்கோட்டை வருகிறது. 1956 நவம்பர் 1 வரை அந்தச் செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்படித்தான். திருவிதாங்கூர் ராஜாவின் சட்டமும் அங்கிருந்த சாதிக் கொடுமையும் நம் தாத்தா காலத்தில் இரண்டு மணி நேரப் பயணத்தில் தொடங்கிவிட்டன. எனவே அந்த மண்ணில் பிறந்த ஒரு விவசாயியின் வாழ்க்கை நமக்கும் பக்கத்து வீட்டுக் கதைதான்.

அந்த விவசாயியின் பெயர் அய்யன்காளி. கேரளத்தில் ஆகஸ்ட் 28-ஆம் தேதி அவர் பிறந்த நாளுக்காக அரசு விடுமுறை விடப்படுகிறது. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் அவருக்கு அந்த அளவு இடமில்லை. சாலையில் நடக்கும் உரிமைக்காகவும் பள்ளியில் சேரும் உரிமைக்காகவும் போராடியவர் என்றே அவரைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். அது சரிதான். இந்த வாரம் நாம் அவரை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கிறோம். அவர் ஒரு நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை. அந்த நிலம் அவர் வாழ்க்கையில் என்ன செய்தது என்பதைக் கவனித்தால், இன்று நம் ஊர்களில் பட்டாவுக்காக அலையும் குடும்பங்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞம் கடற்கரைக்குச் சற்று உள்ளே இருப்பது வெங்ஙானூர். அங்கே புலையர் சமூகத்தில் அய்யன், மாலா என்ற தம்பதிக்கு 1863 ஆகஸ்ட் 28 அன்று மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அய்யன்காளி. பெற்றோர் வைத்த பெயர் காளி. தகப்பனார் பெயரும் சேர்ந்து அய்யன்காளி ஆனது. எட்டுப் பிள்ளைகள் உள்ள வீடு அது.

அய்யன் பிறந்த காலத்தில் திருவிதாங்கூரில் புலையரும் பறையரும் சட்டப்படி அடிமைகளாக விற்கப்பட்டார்கள். நிலம் கைமாறும்போது மாட்டையும் கலப்பையையும் போல ஆளும் சேர்ந்து கைமாறும். கணவன் ஒரு பண்ணைக்கும் மனைவி இன்னொரு பண்ணைக்கும் போக நேரிடும். 1855-இல்தான் அங்கே அடிமை முறை அரசாணையால் ஒழிக்கப்பட்டது. காகிதத்தில் ஒழிந்ததே தவிர, வயலில் ஒழியவில்லை. விடுதலை பெற்றவர்களுக்குக் கையளவு நிலம்கூடக் கிடைக்கவில்லை. பழைய எஜமானரின் வயலிலேயே, அதே நெல்கூலிக்கே அவர்கள் மறுபடியும் இறங்க வேண்டியிருந்தது. அரசாணை வந்து எட்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் அய்யன்காளி.

அவருடைய வீட்டு நிலை மட்டும் கொஞ்சம் வேறு. அய்யன் கடும் உழைப்பாளி. காட்டைத் திருத்திக் கழனியாக்கித் தந்த அவர் உழைப்பில் மகிழ்ந்த ஒரு நிலவுடைமையாளர் அவருக்கு ஐந்து ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். புலையர் ஒருவர் தன் சொந்த மண்ணில் நின்று உழுவது அந்தக் காலத்தில் பெரிய அதிசயம். அந்தச் சமூகத்தில் சொந்த நிலத்தில் கால்வைத்த முன்னோடிக் குடும்பங்களில் அய்யன் குடும்பமும் ஒன்று. பிள்ளைகள் யாரும் பள்ளிக்கூடம் போகவில்லை. போக முடியாது. எல்லோரும் வயலில் வேலை செய்து வளர்ந்தார்கள். பின்னாளில் அரசவையில் பேசிய அய்யன்காளிக்கு எழுத்தறிவு கிடையாது.

நிலம் இருந்ததால் அந்த வீட்டில் பசி இல்லை. நாளைய கஞ்சிக்காக இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் அவமானம் மட்டும் எல்லோருக்கும் பொதுவாகவே இருந்தது. பொதுச்சாலையில் நடக்கக் கூடாது. சந்தைக்குள் போகக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. கல்லும் கண்ணாடியும் கோத்த மாலைகளைத்தான் அணிய வேண்டும். சிறுவன் காளி அக்கம்பக்கத்து ஆதிக்கச் சாதிப் பிள்ளைகளோடு பந்து விளையாடியதற்காகத் திட்டு வாங்கியதாக ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஐந்து ஏக்கர் இருந்தும் ஒரு பந்தைத் தொட்டு விளையாட முடியவில்லை.

இளைஞனானதும் தன் வயதுப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு அடிமுறை பழகினார் அய்யன்காளி. அடித்தால் திருப்பி அடிக்கத் தெரிந்த ஒரு கூட்டம் வெங்ஙானூரில் உருவானது. 1888 மார்ச்சில் செல்லம்மாவை மணந்தார். திருமணத்துக்குப் பிறகும் தகப்பனார் குடும்பத்தோடுதான் இருந்தார். அவர்களுக்கு ஏழு பிள்ளைகள். வீட்டையும் வயலையும் செல்லம்மாவும் குடும்பத்தாரும் தாங்கிக்கொண்டதால்தான் அவர் ஊர் ஊராக அலைய முடிந்தது. தலைவர்களின் வரலாற்றில் இந்தப் பெண்களுக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. நாமாவது அதை நினைவில் வைப்போம்.

1893-இல் அவர் செய்த காரியம் திருவிதாங்கூரை உலுக்கியது. சொந்தக் காசில் ஒரு வில்வண்டி வாங்கினார். வில்வண்டி என்றால் என்னவென்று நம் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மிராசுதார்களும் ஜமீன் வீட்டாரும் போகிற வண்டி அது. வெள்ளைக் காளைகளைப் பூட்டி, கழுத்தில் மணி கட்டி, நல்ல வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து, புலையர் நடக்கவே கூடாத சாலையில் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். வழி மறித்தவர்களைக் கண்டு வண்டியைத் திருப்பவில்லை. மனு கொடுக்கவில்லை, அனுமதியும் கேட்கவில்லை. சாலை பொது என்றால் தனக்கும் பொது என்று ஓட்டிக் காட்டினார்.

அந்த வண்டியை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? வயலிலிருந்து. நெல்கூலி வாங்கும் ஒருவரால் வில்வண்டியைக் கனவுகூடக் காண முடியாது. அப்படியே ஓட்டியிருந்தாலும் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது, குடிசை இருக்காது. அய்யன்காளியை வேலையிலிருந்து நிறுத்த யாராலும் முடியவில்லை. அவருக்கு முதலாளியே கிடையாது. நிலம் ஒரு மனிதனுக்குச் சோறு போடுவதோடு நிற்பதில்லை, முதுகெலும்பையும் கொடுக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் கூட்டமாகச் சாலையில் நடக்கும் போராட்டம் தொடங்கியது. பாலராமபுரத்தில் சாலியர் தெருவில் அவர்கள் தாக்கப்பட்டார்கள். அய்யன்காளியின் ஆட்களும் திருப்பி அடித்தார்கள். இரு பக்கமும் ரத்தம் சிந்தியது. அந்தச் செய்தி பரவிப் பல ஊர்களில் புலையர் சாலைக்கு வந்தார்கள். 1900 வாக்கில் திருவிதாங்கூரின் பெரும்பாலான பொதுச்சாலைகளில் அவர்களால் நடக்க முடிந்தது. கோவிலுக்குப் போகும் சாலைகள் மட்டும் மூடியே கிடந்தன. அந்த மிச்சக் கணக்குக்காகத்தான் 1924-இல் வைக்கம் போராட்டம் நடந்தது; ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறைப்பட்டார். சென்னை மாகாணத்தில் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை ரெட்டமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்ததும் அதே 1924-இல்தான். வெங்ஙானூர் வில்வண்டி அதற்கு 31 ஆண்டுகள் முந்தியது.

சாலை கிடைத்தது. அடுத்து அவர் கேட்டது பள்ளிக்கூடம். எழுதப் படிக்கத் தெரியாத மனிதருக்குக் கல்வியின் அருமை நன்றாகத் தெரிந்திருந்தது. 1904-இல் வெங்ஙானூரில் தன் மக்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக் கொட்டகை போட்டார். அதை ஆதிக்கச் சாதியினர் கொளுத்தினார்கள். மறுபடி கட்டினார்கள். 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். புலையர் மட்டுமல்லாமல் ஒடுக்கப்பட்ட எல்லாச் சாதியினரும் சேரலாம் என்பதால்தான் பெயரில் சாதி இல்லாமல் சாதுஜனம் என்று வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வயலுக்குப் போகாமல் சங்கக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆண்டு முழுவதும் விடுப்பே அறியாத பண்ணையாட்களுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்பதே புரட்சியாக இருந்தது.

ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு ஆணை பிறப்பித்தது. தலைமையாசிரியர்கள் அதை மதிக்கவில்லை. ஆணையைக் கையில் எடுத்துக்கொண்டு அய்யன்காளியே பள்ளி வாசலுக்குப் போனார். ஊருட்டம்பலம் அரசுப் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியை அழைத்துச் சென்று வகுப்பில் உட்கார வைத்தார். கலவரம் வெடித்தது. ஒரு சிறுமி உட்கார்ந்ததால் பள்ளி தீட்டாகிவிட்டதென்று அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். தங்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளி என்பதையும் அவர்கள் யோசிக்கவில்லை. இன்று அந்தப் பள்ளி அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

இந்தப் பள்ளிப் போராட்டத்தின் உயிர்நாடி வயலில் நடந்த வேலைநிறுத்தம். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையென்றால் அவர்களுடைய வயலில் நாம் இறங்குவதில்லை என்பதே முடிவு. கூலி உயர்வும் ஓய்வும் கோரிக்கையில் இருந்தன. ஆனால் முதல் கோரிக்கை கல்வி. கூலிக்காக நடந்த விவசாயத் தொழிலாளர் போராட்டங்கள் நமக்குத் தெரியும். பிள்ளைகளின் படிப்புக்காக உழவை நிறுத்திய போராட்டம் உலகத்திலேயே அபூர்வம். அப்போது இந்தியாவில் விவசாயத் தொழிலாளருக்கென்று ஒரு பெரிய சங்கமோ, பின்னால் நிற்க ஒரு கட்சியோ கிடையாது.

நடவு நின்றது. களை எடுக்க ஆள் இல்லை. உழுது பழக்கமில்லாத நிலவுடைமையாளர்கள் தாங்களே வயலில் இறங்கிப் பார்த்துக் களைத்தார்கள். ஆனால் பட்டினி முதலில் யார் வீட்டுக்கு வரும்? கூலிக்காரர் வீட்டுக்குத்தான். அய்யன்காளிக்கு ஐந்து ஏக்கர் இருந்தது. அவரோடு நின்ற ஆயிரக்கணக்கானோருக்கு ஐந்து சென்டு கிடையாது. குடிசை நின்ற இடமும் பண்ணையாருடையது. இந்த வித்தியாசம் அவருக்குப் புரிந்திருந்தது. எனவே விழிஞ்ஞம் மீனவர்களிடம் போய்ப் பேசினார். படகுக்கு ஓர் ஆள் என்று வேலைநிறுத்தக்காரர்களை அவர்கள் கடலுக்குக் கூட்டிப்போனார்கள். கலப்பை பிடித்த கை வலை இழுத்தது. அந்தக் கூலியில் குடும்பங்கள் உயிர் பிழைத்தன. கரையோர மக்கள் கை கொடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் போராட்டம் சில வாரங்களில் நொறுங்கியிருக்கும்.

போராட்டம் ஒரு பருவத்தோடு முடியவில்லை, ஓராண்டளவு நீண்டது. கடைசியில் அரசு தலையிட்டுப் பேச்சு நடந்தது. கூலி உயர்ந்தது. பள்ளிக் கதவும் மெல்லத் திறந்தது. வெங்ஙானூரில் அவர் நடத்திய பள்ளிக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த ஓர் ஆசிரியரே துணிந்து வந்து பாடம் நடத்தினார். அவரையும் விரட்டப் பார்த்தார்கள். சங்கத்தின் ஆட்கள் காவலாகக் கூடவே நடந்து அவரைக் கொண்டுவந்து கொண்டுபோய் விட்டார்கள்.

1915-இல் கொல்லம் பக்கம் பெரிநாட்டில் கலவரம் வந்தது. சாதி அடையாளமான கல்மாலையைக் கழற்றிவிட்டு மேலாடை அணியச் சொல்லி நடந்த கூட்டம் தாக்கப்பட்டது. பலருடைய குடிசைகள் எரிந்தன. அய்யன்காளி கொல்லத்துக்கு வந்தார். எல்லாச் சாதித் தலைவர்களும் இருந்த பெரிய கூட்டத்தில், மேடைக்கு முன்னால் பெண்கள் தங்கள் கழுத்து மாலைகளை அறுத்து எறிந்தார்கள். குவியலாக அது கிடந்ததாகச் சொல்வார்கள். அடிமைத்தனத்தின் எடையை ஒரே இடத்தில் குவித்துப் பார்த்த நாள் அது.

இதற்கு முன்பே திருவிதாங்கூர் அரசு அவரை ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமித்திருந்தது. 1912-இல் அந்த அவையில் அமர்ந்த அவர் கால் நூற்றாண்டளவு உறுப்பினராக இருந்தார். தலைப்பாகையும் கோட்டும் அணிந்து அவர் போகும் படத்தைப் பலரும் பார்த்திருப்போம். அங்கே அவர் திரும்பத் திரும்பக் கேட்டவை மூன்று: படிப்பு, வேலை, நிலம். புதுவல் என்று அங்கே சொல்லப்படும் அரசுத் தரிசை நிலமற்ற புலையர் குடும்பங்களுக்குப் பதிந்து தர வேண்டும் என்று வாதாடினார். கொஞ்சம் நிலம் கிடைத்தது. கிடைத்த இடங்களிலும் அதிகாரிகளும் அக்கம்பக்கத்துப் பெரிய கைகளும் தடை போட்டார்கள். விண்ணப்பம் போட்டவர் காட்டைத் திருத்தி முடித்ததும் வேறொருவர் பெயரில் பட்டா வரும் கதை அப்போதே இருந்தது. தகப்பனார் காட்டைத் திருத்திப் பெற்ற ஐந்து ஏக்கரின் பலனை அனுபவித்த மகன், அதை எல்லோருக்கும் கேட்டார் என்று இதை நாம் புரிந்துகொள்கிறோம்.

1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் கோவில் நுழைவு அறிவிப்பு வந்தது. 1937 ஜனவரியில் வெங்ஙானூருக்கு வந்த காந்தியிடம் அய்யன்காளி கேட்டது கோவில் சம்பந்தப்பட்டது அல்ல. தன் சமூகத்திலிருந்து பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெறுவதைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்பதே அவர் ஆசை. பக்கத்துப் பள்ளியில் ஒரு சிறுமியை உட்கார வைக்க ஊரே எரிந்த காலத்தைக் கண்டவருக்கு அது சின்ன ஆசை இல்லை. அவருடைய மருமகன் கேசவன் சாஸ்திரி சமஸ்கிருதம் கற்றுச் சாஸ்திரி பட்டம் பெற்றவர். பின்னர் சட்டமன்றத்திலும் இடம்பெற்றார். எழுத்தறியாத மாமனார் வீட்டில் ஒரே தலைமுறையில் நடந்த மாற்றம் இது.

நெடுநாள் மூச்சிரைப்பு நோயில் அவதிப்பட்ட அய்யன்காளி 1941 ஜூன் 18 அன்று தன் 77-வது வயதில் மறைந்தார். வெங்ஙானூர் மண்ணிலேயே அடக்கமானார். 1980 நவம்பரில் திருவனந்தபுரம் கவடியார் சதுக்கத்தில் அவர் சிலையை இந்திரா காந்தி திறந்துவைத்தார். 2002-இல் அஞ்சல்தலை வந்தது. பிரஜா சபை கூடிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலுக்கு 2019-இல் கேரள அரசு அவர் பெயரைச் சூட்டியது.

பெயர் சூட்டுவது எளிது. நிலம்? 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் நிலச்சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது குத்தகைக்கு உழுதவர்களுக்கு வயல் சொந்தமானது. வயலில் கூலி வேலை செய்த தலித் மக்களில் பெரும்பாலோர் குத்தகைதாரர்கள் அல்ல. எனவே குடிசை போட்டிருந்த இடத்தில் கிராமத்தில் பத்து சென்டு வரைதான் அவர்களுக்குக் கிடைத்தது. 2007-இல் பத்தனம்திட்டா மாவட்டம் செங்ஙறையில் ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்கள் ரப்பர் தோட்டத்துக்குள் போய்க் குடிசை போட்டு விளைநிலம் கேட்டன. அய்யன்காளி அவையில் வைத்த கோரிக்கை ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் தீர்ந்தபாடில்லை.

நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுதான் பஞ்சமி நிலம். முதல் பத்து ஆண்டுகள் விற்கவே கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரைத் தவிர வேறு யாருக்கும் விற்க முடியாது என்பது நிபந்தனை. அய்யன்காளி வில்வண்டி ஓட்டுவதற்கு ஓராண்டு முன்பே நமக்கு இப்படியோர் ஆணை இருந்தது. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் தெரிந்த ரகசியம். அதைத் திருப்பிக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபரில் காரணைப் போராட்டத்தில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் கிராம நிர்வாக அலுவலகத்தில் ‘அ’ பதிவேடு என்று ஒன்று உண்டு. ஊரில் உள்ள ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யார் பெயரில் இருக்கிறது என்று அதில் இருக்கும். பழைய செட்டில்மெண்ட் பதிவேடு தாலுகா அலுவலகத்தில் இருக்கும். காட்டாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நகல் கேட்கலாம். உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டியிடம் உட்கார்ந்து, முன்பு எந்த வயல் நமதென்று சொல்வார்கள், அது எப்படிப் போனது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத அய்யன்காளிக்கு இந்தப் பதிவேட்டைப் படிக்க முடிந்திருக்காது. நம் பிள்ளைகளால் முடியும். அவர் பாடுபட்டதும் அதற்காகத்தான்.